நாள்பட்ட நோயும் தாம்பத்திய நெருக்கமும்: மருத்துவமனை கேட்க வேண்டிய கேள்வி

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் ஒரு தாள் கொடுப்பார்கள். உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எப்போதிலிருந்து நடக்கலாம், எப்போது வண்டி ஓட்டலாம், தண்ணீர்க் குடம் தூக்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கும். கணவனும் மனைவியும் எப்போது சேரலாம் என்ற வரி பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் 55 வயதுக்கு உட்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த விர்கோ ஆய்வு இதைக் கணக்கெடுத்து 2014இல் வெளியிட்டது. நோய் வந்த முதல் மாதத்தில் இதைப் பற்றி மருத்துவரோடு பேசியவர்கள் பெண்களில் 12 சதவீதம், ஆண்களில் 19 சதவீதம். அப்படிப் பேசியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஏதோ ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது. குறைத்துக்கொள்ளுங்கள், நாடித்துடிப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துணைவரே எல்லாம் செய்யட்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

இதய மருத்துவர்களின் சங்கங்கள் எழுதிவைத்திருப்பதோ வேறு. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2012ஆம் ஆண்டு அறிக்கைப்படி, சிக்கல் இல்லாத மாரடைப்புக்குப் பின், இலேசான உடல் உழைப்பில் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வராதவர் ஒரு வாரம் கழித்தே உறவுக்குத் திரும்பலாம். பைபாஸ் அறுவை செய்தவர் மார்பெலும்பு சேரும்வரை, அதாவது ஆறிலிருந்து எட்டு வாரம்வரை, பொறுக்க வேண்டும். நடைமுறை அளவுகோலும் எளிது: இரண்டு மாடிப் படிகளைச் சற்று வேகமாக ஏறி, நெஞ்சு பிடிக்காமல் நிற்க முடிந்தால் போதும். உடலுறவு கேட்கும் உழைப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். ஜேம்ஸ் முல்லரும் சக ஆய்வாளர்களும் 1996இல் போட்ட கணக்கு இன்னும் தெளிவானது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஒருவருக்கு எந்த ஒரு மணி நேரத்திலும் மறுபடி வர பத்து லட்சத்தில் 10 வாய்ப்பு என்றால், உறவுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் அது மணிக்கு 20 ஆகிறது. வாரத்தில் மூன்று நாளாவது உடற்பயிற்சி செய்பவர்களுக்கு அந்தக் கூடுதலும் ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

இந்தத் தகவல் கையில் இருந்தும் நோயாளிக்குப் போய்ச் சேராததால் என்ன நடக்கிறது? நம் வீடுகளில் கட்டில் தனியாகப் போகும். யாரும் சொல்லாமலே மனைவி கூடத்தில் மாமியாரோடு படுக்கத் தொடங்குவார். கணவருக்கு அது பாதுகாப்பாகவும் தெரியும், ஒதுக்கலாகவும் தெரியும். ஆண்டுக் கணக்கில் அப்படியே போகும். மருத்துவர் அனுமதித்திருக்கக்கூடிய ஒன்றை, மருத்துவர் பேசாமல் இருந்ததாலேயே ஒரு குடும்பம் நிரந்தரமாக விட்டுவிடுகிறது. நோயாளி கேட்கட்டும், சொல்கிறேன் என்று காத்திருப்பது நடுநிலை போலத் தோன்றலாம். ஆனால் கேட்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது என்பதும், அதற்கு வேண்டிய ஆட்களும் அறிவும் ஏற்கெனவே நம்மிடம் பெருமளவு இருக்கின்றன என்பதும்தான் நோயாளிகளுக்கான பாலியல் சிகிச்சை என்ற துறையைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகிறது.

நோய் படுக்கையறைக்குள் எப்படி வருகிறது என்பதை விளக்க, மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்காரர்களோடு வேலை செய்த உளவியலாளர் ஃபிரெட் ஃபோலி 1992இல் ஒரு முறை சொன்னார். மூன்று அடுக்குகள். முதலாவது, நோய் நேரடியாக நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் கெடுப்பது. இரண்டாவது, சோர்வு, தசை இறுக்கம், சிறுநீர் கசிவு போன்ற பிற தொல்லைகள் வழிமறிப்பது. மூன்றாவது, என் உடம்பு இனி யாருக்கு வேண்டும் என்ற எண்ணமும் குடும்பத்தில் இடம் மாறிப்போன உறவுகளும். அந்த நோய்க்காகச் சொன்னது என்றாலும் சர்க்கரை நோய்க்கு இது அப்படியே பொருந்துகிறது. சர்க்கரை நோயோ நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு, அதாவது பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்கு, சர்க்கரை நோய் இருக்கிறது.

சர்க்கரை நோயுள்ள ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு அளவில் விறைப்புக் குறைபாடு உண்டு. 145 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடு 52.5 சதவீதம் என்கிறது. நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் வாய்ப்பு மூன்றரை மடங்கு. காரணம் குழாய்களின் அளவில் தொடங்குகிறது. ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போவது 3 முதல் 4 மில்லிமீட்டர். உள்சுவரில் ஒரே அளவு படிவு சேர்ந்தாலும் சின்னக் குழாய் முதலில் திணறும். அதனால் விறைப்புக் குறைபாடு பல ஆண்களுக்கு நெஞ்சுவலிக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு முன்னதாகவே தலைகாட்டுகிறது. வெட்கப்பட்டு மறைக்கப்படும் அந்த அறிகுறியை ஒரு மருத்துவர் கேட்டிருந்தால் ஒரு மாரடைப்பையே தடுத்திருக்கலாம். இந்தக் கேள்வியை வெறும் இன்பம் பற்றியது என்று ஒதுக்குகிறவர்கள் இதையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெண்களின் கதை இன்னும் அடியில் கிடக்கிறது. சர்க்கரை நோயுள்ள பெண்ணுக்கு யோனி வறட்சியும் திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்றும் சாதாரணம். டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்டவை. 2020இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும் இந்தியாவில் பரவலாக எழுதப்படுகின்றன. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வருவது இவற்றின் அறியப்பட்ட பக்கவிளைவு. அந்த அரிப்போடும் எரிச்சலோடும் கணவரைத் தவிர்க்கும் பெண்ணுக்குத் தான் தவிர்ப்பதன் காரணம் ஒரு மாத்திரை என்று தெரியாது. ‘ஒரு களிம்பு, சில நாள், சுத்தம்’ என்று செவிலியர் சொன்னால் தீர்ந்துவிடும் விஷயம் மணவாழ்க்கையின் மனக்கசப்பாக வளர்ந்துவிடுகிறது.

மூன்றாவது அடுக்கை எந்த ரத்தப் பரிசோதனையும் காட்டாது. பக்கவாதம் வந்த கணவருக்குச் சிறுநீர்ப் பை மாற்றி, முதுகு துடைத்து, இட்லி ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டுப் படுக்கும் மனைவிக்கு அதே உடம்பை ஆசையோடு தொட வராது. அது அன்புக் குறைவில்லை. ஒரே நாளில் ஒரே கைகள் இரண்டு வேலைகளைச் செய்யச் சொல்லிக் கேட்கப்படுகின்றன. சிகிச்சையாளர்கள் இதற்குச் சொல்வது மிக நடைமுறையானது. குளிப்பாட்டுவது, பை மாற்றுவது போன்றவற்றை முடிந்தவரை மகனிடமோ சம்பளத்துக்கு வரும் ஆளிடமோ கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் பணிவிடைக்கும் நெருக்கத்துக்கும் இடையில் நேரம் விடுங்கள், உடை மாற்றுங்கள், முடிந்தால் இடத்தையும் மாற்றுங்கள்.

மருந்துகளைப் பற்றிப் பேசாமல் இந்தத் துறையைக் கடக்க முடியாது. பிரஷர் மாத்திரைகளில் பழைய பீட்டா பிளாக்கர்களும் தயசைடு வகைகளும் விறைப்பைப் பாதிப்பதாகப் பெயர் வாங்கியவை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள் நாட்டத்தையும் உச்சத்தையும் மந்தமாக்குவது நன்றாக அறியப்பட்டது. இதனால் சொல்லாமலே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. பிரஷர் ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வந்து சேர்ந்த பிறகுதான் மாத்திரை நிறுத்திய கதையே வெளியே வரும்.

இத்தாலியில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் எல்லாரையும் யோசிக்கவைத்தது. இதய நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட, விறைப்புக் குறைபாடு ஏதுமில்லாத 96 ஆண்களுக்கு 50 மில்லிகிராம் அடினோலால் மூன்று மாதம் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு என்ன மாத்திரை என்றே சொல்லவில்லை. இன்னொரு பங்குக்கு மருந்தின் பெயரை மட்டும் சொன்னார்கள். மீதிப் பேருக்குப் பெயரையும் சொல்லி, இது விறைப்பைப் பாதிக்கலாம், ஆனால் அரிது என்றும் சொன்னார்கள். குறைபாடு வந்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 3.1 சதவீதம், இரண்டாவதில் 15.6, மூன்றாவதில் 31.2. அதோடு நிற்கவில்லை. குறைபாடு வந்தவர்களுக்கு விறைப்புக்கான மருந்தான சில்டனஃபிலும் வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள்; இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை செய்தன. பயமே அங்கே பக்கவிளைவாகியிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ‘சொல்லாமல் இருப்பதே நல்லது’ என்று முடிவுகட்டும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நோயாளிக்குத் தெரியாமல் மறைப்பது இன்று நடக்காத காரியம். மாத்திரைப் பெயரைக் கைப்பேசியில் தட்டினால் எல்லாம் வந்துவிடும். பயமுறுத்தும் செய்தியை அவர் தனியாக, நள்ளிரவில் படிப்பதற்குப் பதிலாக, ‘இப்படி வந்தால் சொல்லுங்கள், மாற்று மாத்திரைகள் நிறைய இருக்கின்றன, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்’ என்று மருத்துவர் வாயால் கேட்பதுதான் நல்லது. டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம் தொந்தரவு செய்வதில்லை.

நோயும் மருந்தும் எப்போதும் நாட்டத்தைக் குறைப்பவை என்பதும் இல்லை. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை சிலருக்கு நாட்டத்தைக் கட்டுக்கடங்காமல் ஏற்றிவிடும். மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் 3.5 சதவீதத்தினரிடம் இது காணப்பட்டது. எழுபது வயது அப்பா திடீரென்று இப்படி நடந்துகொள்வதை ஒரு குடும்பம் எப்படி எடுத்துக்கொள்ளும்? புத்தி கெட்டுவிட்டது என்பார்கள், ஒழுக்கம் போய்விட்டது என்பார்கள், அம்மா யாரிடமும் சொல்ல மாட்டார். மருந்தின் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதை அந்த மாத்திரையை எழுதிய அன்றே, மனைவியையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

மருத்துவமனை விட்டுவைத்த இடத்தில் வேறு யாரோ கடை விரிப்பார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டின் சுவர்களே சாட்சி. இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் பரம்பரை வைத்தியர் வருகிறார், நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, சர்க்கரையால் வந்த பலவீனம் எல்லாவற்றுக்கும் லேகியம் என்ற விளம்பரங்களைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. ‘மூலிகை’ என்று விற்கப்படும் வீரியப் பொருட்களில் சில்டனஃபில் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதய நோயாளிக்கு இது விளையாட்டில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் நைட்ரேட் வகை மருந்து. சில்டனஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள், அதே வகையைச் சேர்ந்த டடலஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நைட்ரேட்டைச் சேர்த்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு விழுந்து உயிரே போகலாம். லாட்ஜில் வாங்கிய பொட்டலத்தைப் பற்றி அவசரப் பிரிவில் வாய் திறக்காதவரைக் காப்பாற்றுவது கடினம்.

சிகிச்சை என்று எதைச் சொல்கிறோம்? இன்றைய பாலியல் சிகிச்சையின் அடித்தளம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் போட்டது. 1970இல் வந்த அவர்களது இரண்டாவது நூல், குறைபாடு உள்ளவரை மட்டும் தனியாகப் பார்க்காமல் தம்பதியைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது. படுக்கையில் தன்னையே வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் மனநிலை, வருமா வராதா என்ற பரீட்சைப் பயம், இவைதான் பல குறைபாடுகளைப் பிடித்துவைத்திருக்கின்றன என்றார்கள். அதற்கு அவர்கள் வகுத்த தொடுகைப் பயிற்சி ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும், பல மாற்றங்களோடு, எல்லா இடத்திலும் பயன்படுகிறது.

அதன் முதல் விதி, உடலுறவுக்குத் தடை. சில வாரங்களுக்கு அது கிடையாது என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று முறை, பதினைந்து இருபது நிமிடம், ஒருவர் படுத்திருக்க இன்னொருவர் தொட வேண்டும். மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. தொடுகிறவர் மற்றவரை மகிழ்விக்க முயலக் கூடாது. தன் விரல் நுனியில் படும் சூடு, சொரசொரப்பு, மென்மை ஆகியவற்றை மட்டும் கவனிக்க வேண்டும். படுத்திருப்பவர் வலித்தால் மட்டும் சொல்லலாம். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். அடுத்த கட்டத்தில் விலக்குகள் ஒவ்வொன்றாகத் தளரும்; ஆனால் எந்தக் கட்டத்திலும் முடித்தாக வேண்டிய இலக்கு என்று ஒன்று இருக்காது. தடை போட்டவுடனேயே சிலருக்கு விறைப்பு திரும்புவது சிகிச்சையாளர்களுக்கு வழக்கமான காட்சி. தோற்க வழியில்லாத இடத்தில் உடம்பு இளகுகிறது.

நாள்பட்ட நோயில் இந்தப் பயிற்சி இன்னும் பொருள் பெறுகிறது. ஃபோலி தன் நோயாளிகளுக்கு இதை உடம்பின் வரைபடம் போடும் வேலையாக மாற்றினார். நரம்பு நோயில் ஓரிடம் மரத்திருக்கும், இன்னோர் இடத்தில் துணி பட்டாலே எரியும், ஆறு மாதத்தில் அந்த எல்லைகளும் மாறும். தொட்டுத் தொட்டு, இங்கே பிடிக்கிறது, இங்கே வேண்டாம், இங்கே ஒன்றுமே தெரியவில்லை என்று இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்வார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களிலும் காது மடல், கழுத்து, அடிபட்ட இடத்துக்குச் சற்று மேலே உள்ள தோல் ஆகியவை புதிதாகக் கூர்மை பெறுவது உண்டு. முன்பிருந்த உடம்பை மீட்டுத் தருவதாக நல்ல சிகிச்சை வாக்குக் கொடுப்பதில்லை. இப்போது இருக்கும் உடம்பில் என்ன இருக்கிறது என்று தேடச் சொல்கிறது.

நம் வீடுகளில் இதைச் செய்வது எப்படி என்பது நியாயமான கேள்வி. ஒரே அறை, நடுவில் பிள்ளை, கூடத்தில் பெரியவர்கள், தாழ்ப்பாள் போட்டாலே எல்லாருக்கும் தெரிந்துவிடும் வீடு. இரவுதான் நேரம் என்ற பழக்கத்தை விட்டால் பாதி தீர்வு வந்துவிடும். முடக்குவாதக்காரருக்குக் காலை எழுந்ததும் மூட்டு பூட்டிக்கொள்ளும், இரவில் சோர்வு. பகல் பதினோரு மணி, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம், வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு உடம்பு மிக இலகுவாக இருக்கும். டயாலிசிஸ் செய்பவர்கள் டயாலிசிஸ் நாளை விட்டு மறுநாளை எடுத்துக்கொள்ளலாம்.

1998 மார்ச்சில் சில்டனஃபிலுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நெஞ்சுவலிக்காகச் சோதித்த மருந்து இந்தப் பக்கம் திரும்பியது ஊரறிந்த கதை. அது பெரிய வரம். சர்க்கரை நோயாளிகளிடம் சற்றுக் குறைவாக வேலை செய்தாலும், பலருக்கு வாழ்க்கையைத் திருப்பித் தந்திருக்கிறது. ஆனால் மாத்திரை வந்த வேகத்தில் தம்பதியைச் சேர்த்துப் பார்ப்பது தேய்ந்தது. கணவர் மாத்திரை வாங்கிப் போவார். மாதவிடாய் நின்று, வறட்சியோடு, மூட்டுவலியோடு இருக்கும் மனைவியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கனடாவின் ரோஸ்மேரி பாஸன் 2000இல் எழுதியது இங்கே உதவும். நாட்டம் முதலில் வந்து பிறகுதான் எல்லாம் நடக்கும் என்ற வரிசை எல்லாருக்கும் பொருந்தாது, நீண்ட உறவில் உள்ள பல பெண்களுக்கு நெருக்கமும் தொடுகையும் தொடங்கிய பிறகே நாட்டம் எழுகிறது என்றார். நோயால் களைத்த ஆண்களுக்கும் இது பொருந்துகிறது. ஆசையே வரவில்லை, நான் முடிந்துபோனவன் என்று நினைக்கும் ஒருவருக்கு இதைச் சொல்வதே பாதி மருந்து.

இதையெல்லாம் சொல்ல ஒவ்வோர் ஊரிலும் பாலியல் சிகிச்சை நிபுணர் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதை ஹவாயைச் சேர்ந்த உளவியலாளர் ஜாக் அனன் 1976இலேயே காட்டிவிட்டார். அவருடைய முறைக்கு நான்கு படிகள்: பேச அனுமதி, அளவான தகவல், குறிப்பான யோசனை, ஆழ்ந்த சிகிச்சை. பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு படிகளே போதும். நான்காவது படிக்குப் போக வேண்டியவர்கள் சிலர்தான். பிரிட்டனைச் சேர்ந்த செவிலியர் பிரிஜெட் டெய்லரும் சாலி டேவிஸும் 2006இல் இதைத் திருத்தினார்கள். அனுமதி என்பது முதல் படியோடு முடிவதில்லை, ஒவ்வொரு படியிலும் மறுபடி கேட்க வேண்டும் என்றார்கள். அனுபவத்தில் இருந்து வந்த திருத்தம் அது. முதல் முறை ‘ஒன்றுமில்லை’ என்பவர் மூன்றாவது முறை பேசுவார்.

மூன்றாவது படியின் யோசனைகள் கேட்க மிகச் சாதாரணமானவை. வயிற்றில் பை வைத்தவர் முன்னதாகக் காலி செய்து, துணி உறை போட்டுக்கொள்வது. ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. போன்ற மூச்சு நோய் இருப்பவர் முன்பே இன்ஹேலர் எடுத்துக்கொள்வது. மூட்டுவலிக்காரர் அரை மணி முன்பு வலி மாத்திரை போட்டு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது. வறட்சிக்கு நீர் சார்ந்த ஜெல். நம் வீடுகளில் தேங்காயெண்ணெய்தான் கைக்கு வரும். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் அதைத் தொடக் கூடாது, ரப்பர் இளகிக் கிழியும். முதுகுத்தண்டில் மார்பின் மேற்பகுதியில் அடிபட்டவருக்கு உறவின்போது தலை வெடிக்கும் வலியும் வியர்வையும் வந்தால் உடனே நிறுத்தி உட்கார வேண்டும். ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுவதன் அடையாளம் அது.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரண்டாவது இடத்தில் இருப்பது அது. வெளியிலிருந்தும் உள்ளே கருவி வைத்தும் கொடுக்கும் ரேடியேஷனால் குணமாகும் பெண்கள் ஏராளம். குணமான பிறகு யோனிச் சுவர் வறண்டு, சுருங்கி, ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதைத் தடுக்க, ரேடியேஷன் முடிந்து சுமார் நான்கு வாரம் கழித்து, டைலேட்டர் என்ற வழவழப்பான உருளையை ஜெல் தடவி வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம் உள்ளே வைத்திருக்கச் சொல்வார்கள். விரல் பருமனில் தொடங்கி அடுத்தடுத்த அளவுக்குப் போகும் தொகுப்பு அது. இதற்கான ஆதாரம் நாம் விரும்பும் அளவுக்கு வலுவானதில்லை. ரேடியேஷன் நடக்கும்போதே செய்தால் கெடுதல் என்றும் தொகுப்பாய்வுகள் எச்சரிக்கின்றன. ஆனாலும் பின்னாளில் மருத்துவர் உள்ளே பார்த்துப் பரிசோதிக்கவே இந்த வழி திறந்திருக்க வேண்டும்.

சில இடங்களில் டைலேட்டருக்குப் பதிலாக, ‘வீட்டுக்காரரோடு சேர்ந்து இருங்கள், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சொல்பவருக்கு அது சுருக்கமான மருத்துவக் குறிப்பு. கேட்கும் பெண்ணுக்கு என்ன ஆகிறது? வலியோடு, ரத்தக் கசிவோடு, நோய் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தோடு, உடலுறவு அவளுக்கு ஒரு சிகிச்சைக் கடமையாகிவிடுகிறது. மறுக்கும் உரிமையை மருத்துவமனையே பிடுங்கிவிடுகிறது. கணவரை இழந்தவர், பிரிந்தவர், மணமாகாதவர் ஆகியோருக்கோ இந்த அறிவுரையில் இடமே இல்லை. ஒரு டைலேட்டரும், கதவைச் சாத்திக்கொண்டு செவிலியர் பத்து நிமிடம் விளக்குவதும் இதைவிட எவ்வளவோ மேல். கனடாவில் லோரி ப்ரோட்டோ 2008இல் பெண்ணுறுப்புப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்காக மூன்று அமர்வுகளில் உடல் விழிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பௌத்தத் தியான மரபிலிருந்து வந்த பயிற்சி அது. சிறிய ஆய்வுதான், ஆனால் உடம்பு செத்துவிட்டது என்று நம்பியிருந்த பெண்கள் மெல்லிய உணர்வுகளைக் கவனிக்கத் தொடங்கியபோது நாட்டமும் மனநிலையும் மேம்பட்டன.

சிகிச்சைகள் உண்மையில் எவ்வளவு பலன் தருகின்றன என்பதில் மிகைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. இதய நோயாளிகளுக்கான பாலியல் ஆலோசனை பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு 2016இல் வந்தபோது, தகுதியான சோதனைகள் மூன்றே மூன்று கிடைத்தன; உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. அதே ஆண்டில் வெளியான டென்மார்க் சோதனை நம்பிக்கை தருகிறது. 154 ஆண்களில் ஒரு பாதிக்கு 12 வாரம் உடற்பயிற்சி, இடுப்புத் தளத் தசைப் பயிற்சி, ஆலோசனை மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது பாலியல் செயல்பாடு மேம்பட்டது. இத்தாலியில் 2004இல் 110 பருமனான ஆண்களிடம் நடந்த சோதனையில், எடை குறைத்து நடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மாத்திரை இல்லாமலே விறைப்பு இயல்புக்குத் திரும்பியது. ஆனால் ஆய்வு செய்யப்பட்டவர்களில் ஆண்களே அதிகம். விறைப்பை எண்ணில் அளக்கலாம் என்பதால் அதையே அளந்துகொண்டிருக்கிறார்கள்.

தமிழில் இதைப் பொதுவில் பேசவே முடியாது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மனநல மருத்துவர் மாத்ருபூதம் ‘புதிரா புனிதமா’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குடும்பங்கள் பார்க்கும்படி பேசியவர். அதைவிட வலுவான சான்று அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் மாவட்டந்தோறும் நம்பிக்கை மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே உட்கார்ந்திருக்கும் ஆலோசகர்கள், பெரும்பாலும் பெண்கள், லாரி ஓட்டுநரிடமும் கர்ப்பிணியிடமும் உறவு பற்றியும் ஆணுறை பற்றியும் சுற்றிவளைக்காமல் கேட்கிறார்கள். யாரும் எழுந்து ஓடிவிடவில்லை. சென்னையும் ஒரு களமாக இருந்த, 1,763 தம்பதிகளைப் பின்தொடர்ந்த எச்.பி.டி.என். 052 ஆய்வு 2011இல் தந்த முடிவும் இந்த வகைப் பேச்சின் மேல்தான் நின்றது: தொற்றுள்ளவர் சிகிச்சையை முன்னதாகத் தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது. இனி மனைவியைத் தொடவே கூடாது என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த முடிவு என்ன கொடுத்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தன் 25ஆவது பிரிவில் பாலியல், இனப்பெருக்க நலச் சேவையை அரசின் பொறுப்பாகச் சொல்கிறது. பார்க்கின்சனும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை.

ஆகவே யார் கேட்பது என்பதுதான் மிச்சம். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஆனால் மாத்திரை கொண்டுவரும் பெண் அதே ஊர்க்காரர், சில நேரம் உறவுக்காரர். திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்க இந்தக் கேள்வியைக் கேட்கும் சுமையை அவர்மேல் வைக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவின் செவிலியர் இருக்கிறார். காலில் உணர்ச்சி இருக்கிறதா, கண் பார்த்தீர்களா என்று ஆண்டுக்கொரு முறை கேட்கும் வரிசையில் இதையும் சேர்க்கலாம்: “சுகர் இருக்கிறவங்க நிறைய பேருக்கு வீட்டுக்காரரோட, வீட்டுக்காரம்மாவோட நெருக்கமா இருக்கிறதுல சிரமம் வரும். உங்களுக்கு அப்படி ஏதாச்சும் இருக்குங்களா? இப்ப சொல்ல வேணாம்னா அடுத்த தடவை வரும்போது சொல்லுங்க.” ஆண் நோயாளிக்கு ஆண் ஊழியரும் பெண்ணுக்குப் பெண்ணும் கேட்டால் இன்னும் எளிது. அரிப்பென்றால் களிம்பு, மாத்திரையால் என்றால் மருத்துவரிடம் மாற்றம், விறைப்பு என்றால் முதலில் இதயப் பரிசோதனை, மனச்சுமை என்றால் அதே வளாகத்தில் இருக்கும் நம்பிக்கை மைய ஆலோசகர். தம்பதியாக உட்கார வேண்டியவர்களை மாவட்ட மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். அங்கே இருவரையும் முதலில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருவரில் ஒருவர், பெரும்பாலும் மனைவி, ‘எனக்கு இது இனி வேண்டாம், பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தால் போதும்’ என்று சொல்லலாம். அதையும் சிகிச்சையின் முடிவாகவே எழுதிக்கொண்டு, மற்றவரோடு அந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.